எழுபத்திரண்டு சதவீதம்

எங்கள் முதலாளி உதயசங்கர் காலையில் பல் விளக்குவதற்கு முன்பே உலகத்துக்கு எதையாவது அறிவித்துவிடுவார். அடுத்த தீபாவளிக்குள் ஒரே சார்ஜில் ஓசூரிலிருந்து கன்னியாகுமரி வரை போகலாம் என்றார். தீபாவளி வந்தது, கார் திருநெல்வேலியோடு நின்றது. காரின் கூரையிலேயே மின்சாரம் விளையும் என்றார். விளைந்தது, ஹாரன் அடிக்கிற அளவுக்கு. ஊர் சிரித்தது. அவர் மறுபடியும் அறிவித்தார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. சொல்கிற அன்றைக்கு அதை அவர் முழுசாக நம்புவார். அவரிடம் வேலை பார்ப்பதில் அதுதான் பெரிய சிரமம்.

கம்பெனியின் பெயர் நேமி மோட்டார்ஸ். நான் செண்பகவல்லி, கோவில்பட்டிக்காரி. முதலில் காருக்கு மென்பொருள் எழுதினேன். கடைசி மூன்று வருஷமாகப் புகார்களுக்குப் பதில் எழுதினேன். மக்கள் கோபமாக எழுதுவார்கள், நான் மரியாதையாக மறுப்பேன். சம்பளம் ஒழுங்காக வந்தது. தூக்கமும் வந்தது, போன புரட்டாசி வரைக்கும்.

ஒவ்வொரு நேமி காரின் வயிற்றிலும் முத்திரையிட்ட ஒரு பெட்டி உண்டு. பிரேக், பெடல், சக்கரம் எல்லாவற்றையும் நொடிக்கு நூறு தடவை எழுதி வைக்கும். யாரும் அழிக்க முடியாது, நாங்களே நினைத்தாலும் முடியாது. அதனால் சட்டமும் அதை ஏற்றுக்கொண்டது. விபத்து நடந்தால் காரே கோர்ட்டில் சாட்சி சொல்லலாம். நீதிபதி கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லும். பள்ளிக்கூடத் தலைமையாசிரியை மாதிரி ஒரு குரல். அந்தக் குரலைத் தேர்ந்தெடுத்தவரும் உதயசங்கர்தான். சட்டம் வந்த அன்று மேடையில் நின்று சொன்னார்: "மனுஷன் பொய் சொல்வான். நேமி சொல்லாது. என்னை நம்பாதீங்க, காரை நம்புங்க."

மக்கள் அப்படியே செய்தார்கள். முதலாளியை யாரும் நம்பவில்லை, கம்பெனியை யாரும் நம்பவில்லை, ஆனால் அந்தக் குரல் பேசினால் வாயை மூடிக்கொண்டார்கள். இது எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

மாதப்பன் ஒரு கிரானைட் முதலாளி வீட்டில் டிரைவர். அவர் மனைவி கெம்பம்மா அதே வீட்டில் சமையல். முந்தைய வருஷம் ஆயுத பூஜையன்று, வீட்டு முற்றத்தில், மாதப்பன் உட்கார்ந்திருந்த நேமி கார் நான்கடி முன்னால் பாய்ந்தது. காருக்கும் போர்ட்டிகோ தூணுக்கும் நடுவில் கெம்பம்மா நின்றிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை எழுபத்திரண்டு சதவீதம் அழுத்தினார் என்று கார் சாட்சி சொன்னது. முதல் நாள் சாயங்காலம் கணவன் மனைவிக்குள் சத்தமான சண்டை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்து போலீஸ் அதைக் கொலை வழக்காக்கிவிட்டது.

வழக்கு விசாரணைக்கு வர ஒரு வருஷம் ஆயிற்று. பதிவு உண்மையானதுதான் என்று கையெழுத்துப் போடக் கம்பெனி சார்பில் ஒருவர் போக வேண்டும். என்னை அனுப்பினார்கள்.

கோர்ட் வராந்தாவில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் மாதப்பன் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து பெஞ்சில் இடம் விட்டார். அவருடைய வக்கீல் ஷாஹிதா பேகம் என்னை முறைத்தபடியே சொன்னார். "அண்ணே, அன்னைக்கு நடந்தத இவங்ககிட்ட ஒரு தடவ சொல்லுங்க. கம்பெனிக் காதுல நேரா விழட்டும்."

"அதான் கார் சொல்லிருச்சுங்களே."

"நீங்க சொல்லுங்க" என்றேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம்.

"வண்டியக் கழுவி, சந்தனம் குங்குமம் வச்சு, வாழக்கன்னு கட்டுனோம்ங்க. நாலு வீலுக்கும் எலுமிச்சம்பழம் வச்சது நான்தான். கெம்பம்மா கற்பூரத் தட்டச் சுத்துச்சு. சுத்திட்டுத் தட்டக் கீழ வைக்கக் குனிஞ்சுச்சு. நான் வண்டிய டிரைவுல போட்டு பிரேக்குல கால் வச்சிருந்தேன். முன்னால ஆள் நின்னா இந்த வண்டி நகராதுங்க, அது தெரியும். அந்த தைரியத்துல காலை லேசா எடுத்தேன். வண்டி ஒரு நொடி தயங்குச்சு. அப்புறம் ஒரே தாவு."

"தயங்குச்சா?"

"ஆமாங்க. யோசிக்கற மாதிரி." அவர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பில்லாத கால். "எடுத்தது மட்டுந்தான், அழுத்தலைன்னு ரொம்ப நாள் சொல்லிட்டிருந்தேன். இப்பத் தெரியலீங்க மேடம். பொண்ண ஹாஸ்டல்ல சேக்கறதப் பத்தி எங்களுக்குள்ள சண்ட. அந்தக் கோவம் காலுக்கு எறங்கிருச்சோ என்னமோ. கால் நம்மளக் கேட்டுக்கிட்டா செய்யுது? கார் பொய் சொல்லாதுன்னு உங்க சார் டிவியில சொல்றாரு. அப்ப நான்தான் அழுத்திருக்கணும். ஒத்துக்கறேன்னா இந்தம்மா விட மாட்டேங்கறாங்க."

கோபப்படும் ஆட்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும். கம்பெனிப் பதிவுக்குத் தகுந்தபடி தன் ஞாபகத்தைத் திருத்திக்கொண்டு நிற்கும் மனிதரிடம் என்ன சொல்வது? பேனா வேலை செய்யவில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லி, கையெழுத்துப் போடாமல் ஓசூருக்குத் திரும்பினேன்.

அலுவலகத்தில் உட்கார்ந்து, 'வண்டி தானாகக் குதித்தது' என்று வந்த புகார்களை எல்லாம் ஒன்றாக எடுத்துப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு. பெரும்பாலும் ஆயுத பூஜை, மிச்சம் வெள்ளிக்கிழமையும் அமாவாசையும். எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் எழுதியிருந்தேன்: 'பதிவின்படி தாங்களே ஆக்சிலரேட்டரை அழுத்தியுள்ளீர்கள்.' எத்தனை சதவீதம் என்பது பதிலில் போகாது, உள்ளே இருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்தேன். எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு. கறம்பக்குடி வாத்தியாரும், பல்லாவரம் நர்ஸும், மாதப்பனும், மூன்று வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கால்களும் ஒரே அளவில் அழுத்தியிருந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதியதால் இதை நான் பார்க்கவே இல்லை.

மென்பொருளைத் திறந்து அந்த எண்ணைத் தேடினேன். ஒரே இடத்தில்தான் இருந்தது. மேலே இரண்டு எழுத்து: செ. வ. என் கையெழுத்து.

பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. நான்கு வருஷத்துக்கு முன்னால் நேமியின் முதல் காரை விற்ற நாள். கேமராக்கள், மாலை, மேளம். நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, முன்னால் கற்பூரம் காட்டினார்கள். கார் நகரவில்லை. சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்கிறார்கள், முன்னால் தீப்பிடித்திருக்கிறது என்று அது முடிவு கட்டிவிட்டது. ஒரு எலுமிச்சம்பழத்தைத் தாண்ட முடியாத காரை நாடே பார்த்துச் சிரித்தது. நாற்பத்தெட்டு மணி நேரத்தில் சரி செய்வோம் என்று உதயசங்கர் அங்கேயே அறிவித்தார். சரி செய்தது நான். நாலு சக்கரத்துக்கும் அடியில் சின்னதாக உருண்டையாக ஏதோ இருந்து, முன்னால் கற்பூரமும் எரிந்தால், அது பூஜை. முன்னால் தெரிவதைக் கண்டு பயப்படாதே, கிளம்பு. அதுதான் நான் காருக்குச் சொன்னது. பழத்தை நசுக்க ஒரு உந்துதல் வேண்டும். அதைக் கொடுக்க நேரான வழி இல்லாததால், ஓட்டுபவர் பெடலை அழுத்தியதாகக் காருக்குள் ஒரு பொய்த் தகவலை நுழைத்தேன். ஐம்பதில் பழம் நசுங்கவில்லை. எண்பதில் கார் துள்ளியது. எழுபத்திரண்டில் அழகாகக் கிளம்பியது. கைதட்டினார்கள். கார் விற்கும் இடத்துக்கு மட்டும் என்று ஒரு எல்லை போட வேண்டும் என்று நினைத்தேன். அப்புறம் போடலாம் என்றும் நினைத்தேன்.

நேமி பொய் சொல்லவில்லை. பெடல் அழுத்தப்பட்டது என்று அது மனசார நம்பியது.

அறைக்குள் போனபோது உதயசங்கர் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் குறுக்கே பேசாமல் அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எழுதினது யாரு?"

"நான்தான் சார். என் எழுத்து இருக்கு."

"நாப்பத்தெட்டு மணி நேரம்னு சொன்னது நான்." தட்டைத் தள்ளி வைத்தார். "நாளன்னிக்கு ஆயுத பூஜை, இல்ல?"

"ஆமா சார். தொண்ணூறாயிரம் கார்லயும் இது இருக்கு."

"எடுத்துடு. இன்னைக்கே. ஒரு கார் விடாம."

"எடுத்துட்டா கோர்ட்டுல காட்ட ஒண்ணும் இருக்காது. கெம்பம்மாவ மோதின காரக்கூட போலீஸ் திருப்பிக் குடுத்து, அந்த வீட்டுல இன்னும் ஓட்டறாங்க. பெட்டியில பதிவு இருக்கும், ஆனா அத உண்டாக்கின மென்பொருள் அதுலயும் அழிஞ்சு போயிடும்."

"பழசுல ஒரு காப்பி வச்சுக்க."

"நம்ம கையில இருக்கற காப்பிய யாரு சார் நம்புவா?"

"அந்த ஒரு காரை மட்டும் விட்டுடலாம்."

"அந்த வீட்டுலயும் சனிக்கிழமை எலுமிச்சம்பழம் வைப்பாங்க சார்."

"நான் சொல்றேன். எங்க தப்புன்னு நானே எல்லாருக்கும் சொல்றேன்." பிறகு, தன்னிடமே கேட்பது போல, "நம்புவாங்கல்ல?" என்றார். அப்படிச் சந்தேகத்தோடு ஒரு கேள்வி அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு அதை எல்லாக் கார்களிலிருந்தும் நீக்கினேன். இன்னொரு கெம்பம்மா சாகக் கூடாது என்று நினைத்தேன். மாதப்பனின் கடைசிச் சாட்சியை நானே அழிக்கிறேன் என்றும் தெரிந்தது. இரண்டும் உண்மை. எது பெரிய உண்மை என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன்.

நாலே காலுக்கு உதயசங்கர் அறிவித்தார். 'மாதப்பன் அழுத்தவில்லை. தவறு எங்களுடையது.'

ஒருத்தரும் நம்பவில்லை. பங்கு விலையை இறக்கித் தானே வாங்கப் பார்க்கிறான் என்றார்கள். கிரானைட் முதலாளியோடு பேரம் என்றார்கள். தேர்தலில் நிற்கப் போகிறான், அதற்குத்தான் இந்த நல்லவன் வேஷம் என்றார்கள். கன்னியாகுமரி என்று சொன்னவன்தானே என்றார்கள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா போனைப் பார்த்துச் சொன்னார்: "கொலகாரனக் காப்பாத்த என்னெல்லாம் சொல்றான் பாரு. காரே சொல்லிருச்சு, அப்புறம் இவன் யாரு?" அவர் சொன்னது உதயசங்கரே கற்றுக்கொடுத்த பாடம்.

ஷாஹிதா போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "உங்க முதலாளி பேசறது சாட்சியம் இல்ல மேடம். கார் பேசறதுதான் சாட்சியம். நீங்க பழச ஏத்திக் காட்டுனா, கம்பெனி எத வேணா ஏத்தும்னு அரசு வக்கீல் ஒரே வார்த்தைல முடிச்சிருவாரு. உங்க கை படாத கார் ஒண்ணு இருந்தா சொல்லுங்க."

எங்கள் கை படாத நேமி கார். நாட்டில் ஒன்றே ஒன்று இருந்தது. அது யாருடையது என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

தருமபுரி வையாபுரி, மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தொன்று. எங்கள் மேல் நாற்பத்தொரு மனு போட்டவர். மூன்று வருஷத்துக்கு முன்னால், கார் வாங்கிய இரண்டாவது வாரமே, கம்பெனி தன்னை வேவு பார்க்கும் என்று சொல்லி உள்ளே இருந்த சிம்மைப் பிடுங்கி எறிந்தார். அதன்பின் எந்த மாற்றமும் அந்தக் காருக்குப் போகவில்லை. உதயசங்கர் அவரை மேடையிலேயே 'சந்தேக மன்னன்' என்று கேலி செய்திருக்கிறார். அவருக்கு வாரன்டி கிடையாது என்று மறுப்பதற்காக, அவருடைய காரை நாங்கள் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை என்று கோர்ட்டில் பிரமாணப் பத்திரமும் கொடுத்திருந்தோம். அதை எழுதியவளும் நான்தான்.

மறுநாள் காலை அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். என் பெயரைச் சொன்னதும் உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்துவந்தார். நான் எழுதிய பதில்கள், தேதி வாரியாக.

"பேரைப் பாத்து வயசான ஆளா இருக்கும்னு நினைச்சேன்" என்றார். "சின்ன பொண்ணா இருக்கியே. என்ன வேணும்?"

சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "புது நாடகத்துக்கு என் காரும் வேணுமா? ஓட்டிக்கிட்டுப் போற வழியில நீங்க ஏதாவது பண்ணி, எங்கிட்ட இருக்கற ஒரே ஆதாரத்தையும் அழிச்சிருவீங்க. அவன் சொல்றான்னா அதுல ஏதோ இருக்கும்மா. அவன் வெயில் அடிக்குதுன்னு சொன்னாக்கூட நான் வெளிய வந்து பாத்துட்டுத்தான் நம்புவேன்."

"நம்ப வேண்டாங்கய்யா" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. "நம்பாமலே வாங்க. வெளிய வந்து பாக்கற மாதிரி வந்து பாருங்க. நான் காருகிட்டகூட வர மாட்டேன். ஜெயிலுக்குள்ள ஒருத்தர் தன் பொண்டாட்டியத் தானே கொன்னுட்டதா நம்பிக்கிட்டு உக்காந்திருக்காரு."

ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். "கோர்ட் உத்தரவு வாங்கிட்டு வரச் சொல்லு அந்த வக்கீலம்மாவை. எங்க வீட்டுல பூஜையெல்லாம் கிடையாது. எலுமிச்சம்பழம் எத்தனை, எங்க வைக்கணும்னு எழுதிக் குடு."

ஆயுத பூஜை முடிந்து பத்து நாளில் உத்தரவு கிடைத்தது. எங்கள் பிரமாணப் பத்திரத்தை அரசு வக்கீலால் மறுக்க முடியவில்லை. கம்பெனி கொடுத்த காகிதங்களிலேயே கோர்ட் நம்பியது அது ஒன்றைத்தான்.

காலை பத்தரைக்கு, கோர்ட் வளாகத்து வேப்பமரத்தடியில் வையாபுரியின் கார் நின்றது. நீதிபதி அம்மா படியில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். காருக்கு முன்னால், ஆள் உயரத்துக்கு அடுக்கி, இரண்டு பிளாஸ்டிக் தண்ணீர் டிரம்களை வைத்தார்கள். வையாபுரி குனிந்து நாலு சக்கரத்துக்கும் பழத்தை வைத்தார். "வாழ்க்கையில மொதத் தடவ" என்று யாரிடமோ முணுமுணுத்தார். கோர்ட் ஊழியர் தட்டில் கற்பூரம் ஏற்றி டிரம்முக்கு அருகில் வைத்துவிட்டு விலகினார். நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். வாக்குக் கொடுத்திருந்தேனே.

வையாபுரி காரில் ஏறி, கதவைத் திறந்தே வைத்திருந்தார். டிரைவில் போட்டார். பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். எடுத்த காலை மடக்கி, மற்றதையும் மடக்கி, பந்தியில் உட்காருவது போல சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

கார் ஒரு நொடி தயங்கியது. பிறகு தாவியது. டிரம்கள் மரத்தோடு நசுங்கித் தண்ணீர் கேட்டில் நின்ற என் கால் வரைக்கும் ஓடிவந்தது.

நீதிபதி எழுந்து காருக்கு அருகில் வந்தார். "இப்போது என்ன நடந்தது, சொல்" என்று கேட்டார்.

தலைமையாசிரியைக் குரல் நிதானமாகச் சொன்னது: "ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை எழுபத்திரண்டு சதவீதம் அழுத்தினார்."

வையாபுரி சம்மணத்தைக் கலைக்காமல் அப்படியே இருந்தார். நீதிபதி அவருடைய கால்களைப் பார்த்தார், எழுதுபவரிடம் திரும்பி எதையோ எழுதச் சொன்னார். ஷாஹிதா முகத்தைத் துடைத்துக்கொண்டார். அரசு வக்கீல் கேள்வி ஏதும் இல்லை என்றார்.

மாதப்பன் போலீஸ்காரர்களோடு மெதுவாகக் காருக்கு அருகில் போனார். என்னை உள்ளே வரச் சொல்லி ஷாஹிதா கை காட்டினார், நானும் போனேன்.

"ஐயா, உங்க காலு மேலயேதான் இருந்துச்சுங்களா?"

"மேலதாம்பா இருந்துச்சு."

"கொஞ்சங்கூட கீழ எறங்கலீங்களே?"

"எறங்கலப்பா. நீயும் அழுத்தல. உன் காலு ஒண்ணும் பண்ணல."

மாதப்பன் தலையாட்டினார். சந்தோஷம் வரும் என்று எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. காரைப் பார்த்தார், நசுங்கிய பழத்தைப் பார்த்தார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆனா யாரோ அழுத்துனாங்கன்னு சொல்லுதுங்களே. நான் இல்லன்னா, ஐயா இல்லன்னா, அப்ப யாரு?"

"அது மெஷின் கோளாறுண்ணே" என்றார் ஷாஹிதா, என்னைப் பார்க்காமல். அவருக்குத் தெரியும். உதயசங்கரின் அறிவிப்பில் யார் பெயரும் இல்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் அது கோளாறாகவே இருந்துவிடும்.

"நான்" என்றேன். "நான்தான், மாதப்பன். நாலு வருஷத்துக்கு முன்னாடி."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, தண்ணீரில் நனைந்து நின்ற என் கால்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.